கழுவப்படாத சுருள்கள், திறக்கப்பட்ட பெட்டிகள்

முன்பின் அறியாத ஒருவர் எடுத்த பழைய புகைப்படங்கள் வேறொருவர் கையில் சிக்கும்போது, அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை புரட்டிப் பார்க்கப்பட்டு மறக்கப்படுகின்றன. ஆயினும் அரிதாகச் சில படத்தொகுதிகள் தம்மைக் கண்டெடுத்தவரை விடாமல் பற்றிக்கொண்டு, படத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வியிலிருந்து படம் எடுத்தவர் யார் என்ற கேள்விக்கும், அங்கிருந்து அவர் எங்கே பிறந்தார், யாரோடு பழகினார், ஏன் தனித்திருந்தார், எதை மறைத்தார் என்ற கேள்விகளுக்கும் இழுத்துச் சென்று, பல ஆண்டு உழைப்பையும் பொருளையும் விழுங்கிவிடுகின்றன. இந்தப் பித்தால் புகைப்படக் கலைக்கு விளைந்த நன்மைகள் மிகப் பெரியவை. ஆனால், பதில் சொல்ல உயிரோடு இல்லாத ஒரு மனிதரின் பூட்டிய அறைக்குள் நுழையவும் அதே பித்து உரிமை கோருகிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2007ஆம் ஆண்டு ஏலம் போன பெட்டிகளிலிருந்து வெளிவந்த விவியன் மையரின் படங்களும், அவற்றைச் சுற்றி எழுந்த தேடலும், இந்த நன்மையையும் இந்த அத்துமீறலையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் காட்டுகின்றன.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில், பாலியல் தொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஸ்டோரிவில் பகுதியின் பெண்களை 1912ஆம் ஆண்டு வாக்கில் படமெடுத்த ஈ. ஜே. பெல்லாக் 1949இல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற கண்ணாடித் தகடுகளைப் புகைப்படக் கலைஞர் லீ ஃப்ரீட்லாண்டர் விலைக்கு வாங்கிப் பிரதி எடுக்க, அவை 1970இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தத் தகடுகள் சிலவற்றில் பெண்களின் முகங்கள் மட்டும் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தன. அழித்தது யார், எதற்காக என்ற கேள்வி, படங்களின் அழகைக் காட்டிலும் அதிகமாகப் பலரை ஆட்டிப்படைத்தது. எனினும் அங்கே மொத்தமே நூற்றுக்கும் குறைவான தகடுகள்தான் கிடைத்தன. மையர் விட்டுச்சென்றது ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதால், அவரைப் பற்றிய தேடலும் அதற்கேற்ப எல்லை மீறி விரிந்தது.

அமெரிக்க நகரங்களில், வீட்டில் இடம் போதாதவர்கள் தங்கள் சாமான்களை மாத வாடகைக்குப் பூட்டி வைக்கும் கிடங்கு அறைகள் உண்டு. வாடகை தொடர்ந்து நிலுவையில் நின்றால், அறையில் உள்ள பொருள்களை விற்றுத் தன் பாக்கியை ஈடுகட்டிக்கொள்ளக் கிடங்கு உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. எண்பது வயதைத் தாண்டிய மையர் வாடகை கட்டத் தவறியதால் அவருடைய பெட்டிகள் 2007இல் இவ்வாறு விற்பனைக்கு வந்து, ஓர் ஏல நிறுவனத்தின் வழியாகப் பகுதி பகுதியாகப் பிரிந்து பல கைகளுக்குப் போயின. ஒருவர் வாழ்நாளெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தவை சிதறிய கணம் இதுதான். அந்தச் சிதறல் இன்றுவரை முழுமையாகச் சரிசெய்யப்படவில்லை.

வாங்கியவர்களுள் ஒருவர் ஜான் மலூஃப். அப்போது இருபத்தாறு வயதினராக இருந்த அவர், சிகாகோவின் வடமேற்குப் பகுதியான போர்ட்டேஜ் பார்க் பற்றிய நூல் ஒன்றுக்குப் பழைய படங்கள் தேடிக்கொண்டிருந்தார். சுமார் 30,000 நெகட்டிவ்கள் அடங்கிய பெட்டியை ஏறத்தாழ 400 டாலருக்கு எடுத்தார். தான் தேடிய பகுதியின் படங்கள் அதில் இல்லை என்று கண்டதும் பெட்டியை ஒதுக்கி வைத்த அவர், பிறகு சிலவற்றை ஸ்கேன் செய்து, இணைய ஏலத்தில் ஒவ்வொன்றாக விற்கவும் தொடங்கினார். அவ்வாறு வாங்கியவர்களுள் ஒருவர், புகைப்படக் கலைஞரும் புகைப்படத்தைப் பற்றி ஆழமாக எழுதிய சிந்தனையாளருமான ஆலன் செகுலா. கைக்கு வந்தவை எத்தகையவை என்பதை உடனே உணர்ந்த செகுலா, இவற்றை மேலும் சிதறடிக்க வேண்டாம் என்று மலூஃபிடம் எடுத்துச் சொன்னார். இந்தக் கதையைச் சொல்லும் பலர் செகுலாவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவர் குறுக்கிட்டிராவிட்டால் அந்தப் பெட்டி நூற்றுக்கணக்கான அந்நியர்களின் மேசை அறைகளுக்குள் கரைந்துபோயிருக்கும் என்பதை நினைத்தால், அவருக்கு உரிய இடம் இன்னும் பெரிது.

பிறகு மலூஃபைப் பிடித்துக்கொண்டது எளிதில் விடவில்லை. ஏலத்தில் மற்ற பெட்டிகளை எடுத்தவர்களைத் தேடிப்பிடித்து அவர்களிடமிருந்தும் வாங்கினார். தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு மையர் நின்ற தெருமுனைகளில் நின்று, அதே கோணத்தில் படமெடுக்கப் பழகினார். பிலிம் கழுவும் கடையின் உறை ஒன்றில் எழுதப்பட்டிருந்த பெயரை 2009 ஏப்ரலில் இணையத்தில் தேடியபோது, சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் சில நாள்களுக்கு முன் வெளிவந்திருந்த இரங்கல் குறிப்பு கிடைத்தது. மையர் 2008ஆம் ஆண்டின் இறுதியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, 2009 ஏப்ரல் 21 அன்று முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தம் 83ஆம் வயதில் இறந்திருந்தார்.

இந்த நாள்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெட்டிகள் ஏலம் போனபோதும், நெகட்டிவ்கள் தனித்தனியாக விலைபோனபோதும், வேறொரு சேகரிப்பாளர் 2008ஆம் ஆண்டிலேயே சில படங்களை இணையத்தில் வெளியிட்டபோதும், அவற்றை எடுத்த பெண் அதே நகரில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய ரோஜர்ஸ் பார்க் பகுதியில் உயிரோடு இருந்தார். ஏரிக்கரைப் பெஞ்சு ஒன்றில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கும் முதியவளாக மட்டுமே அக்கம்பக்கத்தார் அவரை அறிந்திருந்தார்கள். தம் வாழ்நாள் உழைப்பு கைமாறிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து தடுக்கவோ ஒப்புதல் தரவோ அவருக்கு வாய்ப்பே அமையவில்லை. பின்னால் உலகம் அவருக்குச் சூட்டிய புகழ் அனைத்தும் இந்த ஒப்புதல் இல்லாமையின்மேல் நிற்கிறது.

மையர் 1926 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். தாய் பிரெஞ்சுக்காரர், தந்தை ஆஸ்திரிய வம்சாவளியினர். சிறுவயதின் ஒரு பகுதியைப் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான ஷாம்ப்சோர் பள்ளத்தாக்கில் தாயுடன் கழித்தார். பெற்றோர் பிரிந்தபின், 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தாயும் மகளும் ஜான் பெர்ட்ராண்ட் என்ற பெண் புகைப்படக் கலைஞரின் வீட்டில் குடியிருந்தார்கள். 1950–51இல் பிரான்சுக்குத் திரும்பிச் சென்று எளிய பெட்டிக் கேமராவில் மலைக்கிராமங்களைப் படமெடுத்த அவர், நியூயார்க் வந்தபின் 1952இல் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா வாங்கினார். 1956இல் சிகாகோ பகுதிக்குக் குடிபெயர்ந்து, ஹைலாண்ட் பார்க் என்ற வசதியான புறநகரில் ஒரு குடும்பத்தின் ஆண்பிள்ளைகளை 17 ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். வீட்டோடு தங்கிப் பிள்ளைகளை வளர்க்கும் ஆயா வேலை அது. தங்க இடமும் சம்பளமும் அதில் கிடைத்தன, பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதே வேலையின் பகுதி என்பதால் தெருவும் கிடைத்தது. அந்த வீட்டில் அவருக்குக் கொடுக்கப்பட்ட தனிக் குளியலறையையே இருட்டறையாக, அதாவது வெளிச்சம் படாமல் பிலிம் கழுவிப் பிரதி எடுக்கும் அறையாக, மாற்றிக்கொண்டார். 1959–60இல் தனியாளாக உலகைச் சுற்றிவந்தபோது பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இந்தியா, எகிப்து, இத்தாலி என்று அவருடைய கேமரா போகாத இடம் குறைவு.

ரோலிஃப்ளெக்ஸ் இயங்கும் விதத்தை அறியாமல் இந்தப் படங்களின் தன்மையை விளக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள் கொண்ட இந்தக் கேமராவில், கீழ் லென்ஸ் பிலிமில் படத்தைப் பதிய, மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி உள்ளிருக்கும் சாய்ந்த கண்ணாடியில் பட்டு, கேமராவின் உச்சியில் உள்ள தேய்த்த கண்ணாடித் திரையில் இடவலம் மாறிய பிம்பமாக விழுகிறது. ஆகவே படமெடுப்பவர் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தாமல், வயிற்றுக்கு நேராகப் பிடித்துத் தலையைக் குனிந்து பார்க்கிறார். எதிரில் இருப்பவரை அவர் உற்றுநோக்குவதாகத் தோன்றாது. ஏதோ தம் கைப்பொருளைச் சரிசெய்துகொண்டிருப்பதாகவே தோன்றும். ஷட்டர் ஒலியும் மிக மெல்லியது. லென்ஸ் தாழ இருப்பதால் சிறுவர்கள் லென்ஸின் கண்மட்டத்தில் நேருக்கு நேராகவும், பெரியவர்கள் அண்ணாந்து பார்க்கப்பட்டவர்களாகச் சற்று ஓங்கியும் பதிவாகிறார்கள். ஒரு சுருளில் கிடைப்பது ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டே படங்கள் என்பதால், அடித்துத் தள்ளி ஒன்றைப் பொறுக்கும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை. மையர் பெரும்பாலும் ஒரு காட்சிக்கு ஒரே ஒரு முறைதான் பொத்தானை அழுத்தினார் என்பதை அவருடைய சுருள்கள் காட்டுகின்றன. அந்தத் துணிவு, கண்ணும் காலும் ஒன்றாகப் பழகியவர்களுக்கே வாய்ப்பது.

படங்களிலும் அது தெரிகிறது. கடைக் கண்ணாடி முன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமி, கன்னத்தில் அழுக்கும் கண்ணில் நீரும் இருக்க, கேமராவை நேராக முறைக்கிறாள்; பரிதாபத்துக்காகக் காத்திருக்கும் குழந்தையின் பார்வை அதில் துளியும் இல்லை. வேறொரு படத்தில் ஓர் ஆள் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டிருக்க, அந்தக் கண்ணாடிக்குள் மையர் தெரிகிறார். தம்மைத் தாமே எடுத்த படங்கள் ஏராளம்: கடைச் சன்னல்களில், ஊர்திகளின் பக்கக் கண்ணாடிகளில், புல்தரையில் விழுந்த தொப்பி அணிந்த நிழலில். ஊரார் கண்ணில் படாமல் வாழ்ந்த ஒருவர், தம் உருவத்தை இவ்வளவு இடைவிடாமல் பதிந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

ஆனால், எடுத்தவற்றில் பெரும்பகுதியை அவர் அச்சில் பார்க்கவே இல்லை என்பதுதான் ஆய்வாளர்களை மிகவும் வதைக்கும் செய்தி. 1970களில் அந்த நீண்டகால வேலை முடிந்து, வீடு விட்டு வீடு மாறத் தொடங்கியபின் இருட்டறையும் போயிற்று. கழுவாத சுருள்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. பணம் போதவில்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது, எடுப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது என்பது இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டில் எதற்கும் அவருடைய வாக்குமூலம் இல்லை. அந்தச் சுருள்களை அவர் இறந்தபின் கழுவி, ஸ்கேன் செய்து, ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்து, பெரிய அளவில் அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டியவர்கள் வேறு ஆட்கள். புகைப்படக் கலையில் எடுப்பது பாதி வேலை என்றால் தேர்வது மறுபாதி. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் போன்றோரின் பெயர் நிற்பது அவர்கள் வெளியிட்டவற்றால் மட்டுமல்லாமல், வெளியிட மறுத்து ஒதுக்கியவற்றாலும்தான். இன்று உலகம் மையரின் பாணி என்று போற்றுவது, அவருடைய கண்ணும் அவரைக் கண்டெடுத்தவர்களின் ரசனையும் கலந்த ஒன்று; இந்தக் கலப்பை அறியாமல் காட்சிக்கூடத்தில் நிற்பவர் பாதி படத்தையே பார்க்கிறார். 2011 ஜனவரியில் சிகாகோ கலாச்சார மையத்தில் நடந்த முதல் பெரிய கண்காட்சி முதல், நூல்களும் காட்சிக்கூட விற்பனைகளும் வரை, ஐம்பது அறுபதுகளின் கறுப்பு வெள்ளைச் சதுரப் படங்களே முன்னிறுத்தப்பட்டன. பிற்காலத்தில் சிறிய லைக்கா கேமராவில் அவர் எடுத்த வண்ணப் படங்கள் வெகுகாலம் பின்தள்ளப்பட்டுக் கிடந்ததற்கு, விற்பனையாளர்களின் ரசனையும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும்.

இதற்கிடையே தேடல், படங்களிலிருந்து ஆளுக்குத் திரும்பியது. பெட்டிகளில் நெகட்டிவ்களோடு ஒலிநாடாக்கள், வீட்டுச் சினிமாச் சுருள்கள், தொப்பிகள், ரசீதுகள், கட்டுக்கட்டாகப் பத்திரிகைத் துண்டுகள், பணமாக்கப்படாத காசோலைகள் எல்லாம் இருந்தன. மலூஃபும் சார்லி சிஸ்கலும் சேர்ந்து இயக்கி 2013இல் வெளியிட்டு, ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்ட ஆவணப்படம், இவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிக் காட்டுகிறது. அவரிடம் வளர்ந்த பிள்ளைகள், வேலைக்கு வைத்த குடும்பத்தினர், பிரான்சில் உள்ள உறவினர் என்று பலரை நிறுத்திப் பேசவைக்கிறது. அறைக்குப் பூட்டு வேண்டும் என்று கேட்டதும், யாரையும் உள்ளே விடாததும், பெயரை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாகச் சொன்னதும், சில வேளைகளில் பிள்ளைகளிடம் கடுமையாக நடந்துகொண்டதும் அப்படித்தான் வெளியாயின. தம் கதவைப் பூட்டச் சொன்ன ஒருவரின் கதவு, அவர் இறந்த நான்கே ஆண்டுகளில் திரையரங்குகளில் திறந்துவைக்கப்பட்டது.

இந்தத் தேடலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான சான்று ஒரு கடிதம். ஷாம்ப்சோர் பகுதியில் இருந்த பிலிம் கடைக்காரருக்கு, தம் படங்களை அவரைக் கொண்டு அச்சிடும் எண்ணம் பற்றி மையர் எழுதிய அக்கடிதம், தம் படங்கள் பிறர் கண்ணுக்குப் போவதை அவர் வெறுக்கவில்லை என்று காட்டுகிறது. அந்த மலைக்கிராமங்களின் காட்சிகளை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டதும் உண்டு. இந்தச் சான்றை மறுக்கக் காரணம் இல்லை, படங்களை வெளியிட்டது சரியே என்பதற்கு அது போதும். ஆனால் மலைக்காட்சி ஒன்றை அச்சிடக் கேட்டவர், தம் ரசீதுகளையும் நாடாக்களையும் குடும்பத்தின் மனநோய் வரலாற்றையும் பொதுவில் வைக்கவும் சம்மதித்தார் என்று அதிலிருந்து பெற முடியாது. படத்துக்கு உண்டான சம்மதத்தை வாழ்க்கைக்கும் நீட்டிக்கொள்வதில்தான் இந்தப் பித்து வழிதவறுகிறது.

எதிர்வாதம் ஒன்றை இங்கே நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மையரே அந்நியர்களின் அந்தரங்கத்துக்குள் நுழைந்தவர்தான்: பேருந்தில் அயர்ந்து தூங்குபவர்களையும், தெருவில் குடித்துக் கிடப்பவர்களையும், அழும் குழந்தைகளையும் கேட்காமலே எடுத்தார்; 1972இல் செய்தியான ஒரு கொலையைப் பின்தொடர்ந்து, தொடர்புடைய இடங்களுக்குச் சினிமா கேமராவோடு போய்ச் சுற்றினார். அப்படிப்பட்டவரின் தனிமையை மட்டும் ஏன் மதிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அவர் அந்த அந்நியர்களின் பெயரைத் தேடிப் போகவில்லை, எடுத்தவற்றை விற்கவில்லை, பெரும்பாலும் யாருக்கும் காட்டவும் இல்லை. தெருவில் ஒரு நொடி தெரிந்ததை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவருக்கு நேர்ந்தது அதைவிட வெகுதூரம் போனது.

படங்களைத் தேடுவதற்கும் ஆளைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துவைத்தவர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலை கற்பித்த பமேலா பானோஸ். 2017இல் வெளிவந்த அவருடைய நூல், மையர் எங்கே, எந்த வரிசையில் நடந்து, என்னென்ன கேமராக்களால் படமெடுத்தார் என்பதைச் சுருள் சுருளாகப் பின்தொடர்ந்து, புகைப்படக் கலைஞராகவே வாழ்ந்து, பிழைப்புக்காக ஆயா வேலை பார்த்த ஒரு பெண்ணைக் காட்டுகிறது. படமெடுக்கும் மர்மமான ஆயா என்ற விளம்பர வடிவம் அதில் உதிர்ந்துபோகிறது. நியாயமான திருத்தம் அது. ஓர் ஆண் அஞ்சலகத்திலோ காப்பீட்டு நிறுவனத்திலோ வேலை பார்த்தபடி கவிதையோ கதையோ எழுதினால் அவரை எழுத்தாளர் என்று அழைக்கத் தயங்காதவர்கள், மையரைப் பற்றிய தலைப்புகளில் அவருடைய வேலையையே முதலில் போட்டார்கள். பெருநிறுவன நிர்வாகியாக இருந்து ஓய்வுபெற்ற ஆன் மார்க்ஸ் எழுதி 2021இல் வந்த வாழ்க்கை வரலாறோ, ஆவணங்களைத் தோண்டிக் குடும்பத்தின் ஒவ்வொரு கிளையையும் பின்தொடர்கிறது. மனநோய் விடுதியில் வாழ்ந்த அண்ணனின் கதை அதன் வழியாகவே பலருக்கும் தெரியவந்தது. உழைப்பில் குறைசொல்ல முடியாத நூல்தான். ஆயினும் ஒருவரின் படங்களைப் புரிந்துகொள்ள அவருடைய அண்ணனின் நோய்க்குறிப்பு எவ்வளவு தேவை என்ற கேள்வியை அது எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

யாருக்கு உரிமை என்ற கேள்விக்குச் சட்டம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில், நெகட்டிவ் என்ற பொருளின் உடைமையும், அதிலிருந்து பிரதி எடுத்து வெளியிடும் உரிமையும் தனித்தனியானவை. ஏலத்தில் பெட்டியை வாங்கியவருக்கு முன்னது கிடைக்கிறது, பின்னது கிடைப்பதில்லை. படைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிப்பதால், மையரின் படங்கள் 2079 முடியும்வரை யாரேனும் ஒருவரின் உரிமைக்கு உட்பட்டவை. அவர் மணம் புரியவில்லை, உயில் எழுதவில்லை. பிரான்சில் இருந்த உறவினர் ஒருவரிடமிருந்து மலூஃப் உரிமையை விலைக்கு வாங்கியிருந்தார். வேறோர் உறவினரும் இருக்கிறார் என்று 2014இல் ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தை அணுகியதும், வாரிசு தெளிவாகும்வரை சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு சிகாகோ அடங்கிய குக் மாவட்டத்தின் பொது நிர்வாகியிடம் வந்தது. அந்த அலுவலகமும் மலூஃபும் 2016இல் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதன் விவரங்கள் வெளியிடப்படவில்லை. இன்னொரு பெரும் பகுதியை வைத்திருந்த சேகரிப்பாளர், வழக்கின் அச்சத்தில், தம்மிடமிருந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை 2014 இறுதியில் கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள ஒரு காட்சிக்கூடத்துக்கு விற்றுவிட்டார். கிடங்கு ஏலத்தில் தொடங்கிய சிதறல், இவ்வாறு ஒரு நாட்டு எல்லையையும் தாண்டியது.

இந்த நீண்ட கதையில் நம்பிக்கை தருவது, பரபரப்பு இல்லாமல் நடந்த ஒரு காரியம். மையர் உயிரோடு இருந்தபோதே, அவரோ அவர் சொற்படி பிலிம் கடைகளோ போட்ட பிரதிகளுள் ஏறத்தாழ 500ஐ மலூஃப் 2017இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்துக்கு வழங்கினார். பின்னர் மேலும் பல பிரதிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அவர் எந்தச் சதுரத்தை ஓரம் வெட்டி நீள்வடிவமாக்கினார், எதை வெளிறவும் எதை இருளவும் விட்டார், எந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. தம் படங்களைப் பற்றி அவரே விட்டுச்சென்ற தீர்ப்புகள் இவை. இனிமேல் மையரைப் பற்றி எழுதவரும் எவரும் ஷாம்ப்சோர் பள்ளத்தாக்கின் தேவாலயப் பதிவேடுகளுக்குப் போகும் முன் இந்த நூலகத்தின் மேசைக்கு வர வேண்டும், அங்குள்ள பிரதிகளும் வெவ்வேறு சேகரிப்பாளர்களிடம் சிதறிய நெகட்டிவ்களும் சுருள் வரிசைப்படி ஒரே அட்டவணையில் இணைக்கப்பட வேண்டும்.